சரக்குப் பெட்டகங்களின் பாதுகாப்புத் தகடு

சரக்குப் பெட்டகத்தின் பாதுகாப்பு ஒப்புதல் தகடு என்பது, நாடு விட்டு நாடு செல்லும் ஒவ்வொரு கண்டெய்னரின் மீதும் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டிய ஓர் உலோகத் தகடு ஆகும். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஜெனீவா நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட 'பாதுகாப்பான பெட்டகங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை' இதைக் கட்டாயமாக்கியது. அந்த உடன்படிக்கையின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து, துறைமுகங்களில் இதை 'சி.எஸ்.சி. பிளேட்' என்று அழைக்கிறார்கள். பெட்டகம் எவ்வளவு பாரம் தாங்கும், அதன்மேல் எவ்வளவு அடுக்கலாம், அடுத்த பரிசோதனை எப்போது என்பவற்றை இந்தத் தகடு கூறுகிறது.

ரயில்வே கேட் மூடியிருக்கும்போது முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி நின்றால், அதன் பின்கதவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கதவின் கீழ்ப்பகுதியில் ரிவெட் அடித்த தகடு ஒன்று தெரியும். குறைந்தது 200 மில்லிமீட்டர் நீளமும் 100 மில்லிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் ஏறக்குறையப் பாதி அளவு. துருப்பிடிக்காததாகவும் தீயில் அழியாததாகவும் இருக்க வேண்டும். எழுத்துகளைப் பொறித்தோ புடைத்தோ அமைக்க வேண்டும். அழிந்துபோகும் பெயிண்டில் எழுதக் கூடாது. 'பாதுகாப்பு ஒப்புதல்' என்ற தலைப்பு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கும். தலைப்பின் எழுத்துகள் 8 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது, மற்றவை 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று அதையும் அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

அதே கதவில் வேறு தகடுகளும் இருக்கலாம். சுங்க முத்திரையிட்டு அனுப்பத் தகுதியான பெட்டகம் என்பதற்கு ஒன்று. தரையில் பதித்த மரப்பலகைக்குப் பூச்சி மருந்து ஏற்றியாகிவிட்டது என்று ஆஸ்திரேலிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்க ஒன்று. பல சமயம் எல்லாவற்றையும் ஒரே பெரிய தகட்டில் சேர்த்துவிடுகிறார்கள். உயிரோடு தொடர்புடையது பாதுகாப்புத் தகடு மட்டுமே என்பதால் இக்கட்டுரை அதன் வரலாற்றை மட்டும் கூறுகிறது.

தகட்டுக்கு முந்தைய காலம்

சரக்கின் பாரத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் கண்டெய்னரோடு பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்கின. அவற்றைச் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே மக்கள் பேசினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கப்பலின் பக்கவாட்டில் பாரக்கோடு வரைவது கட்டாயமாயிற்று. கோடு தண்ணீரில் மூழ்கினால் சரக்கு அதிகம் என்று கரையில் நிற்கும் எவரும் சொல்லிவிடலாம். ஆனால் கோட்டை எந்த இடத்தில் போடுவது என்பதை முதலில் கப்பல் உரிமையாளரிடமே விட்டுவிட்டார்கள்! அந்த ஓட்டையை அடைக்க 1890 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த படி 1929இல் வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் 27ஆவது உடன்படிக்கையில், கப்பலில் அனுப்பப்படும் 1,000 கிலோவுக்குக் குறையாத ஒவ்வொரு பொதியின் மீதும் அதன் மொத்த எடையைத் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று விதித்தது. இந்தியா 1931இல் இதை ஏற்றது. இதன் நோக்கம் எளிமையானது. 2 டன் என்று நினைத்து 5 டன் பொதியைத் தூக்கினால் பாரந்தூக்கியின் கயிறு அறுந்துவிடும். அதன் கீழே நிற்கும் துறைமுகத் தொழிலாளி நசுங்கிவிடுவார். எடையைப் பொதியின் மேலேயே எழுதி வைத்தால் அந்த ஆபத்து குறையும் என்று கருதினார்கள்.

அந்த விதி இயந்திரங்கள், மரத்தடிகள், மரப்பெட்டிகள் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பொதி எவ்வளவு கனம் என்று அது கேட்டது. பொதி எவ்வளவு பலம் என்று கேட்கவில்லை. கேட்க அவசியமும் இருக்கவில்லை, ஏனெனில் ஒரு மரப்பெட்டியின் மேல் எட்டு மரப்பெட்டிகளை நடுக்கடலில் யாரும் அடுக்கவில்லை.

பெட்டகம் வந்த கதை

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. எண்ணெய்க் கப்பலாக இருந்து மாற்றியமைக்கப்பட்ட அதன் மேல்தளத்தில் 58 அலுமினியப் பெட்டகங்கள் இருந்தன. லாரிக் கம்பெனி நடத்திய மால்கம் மெக்லீன் என்பவரின் முயற்சி அது. லாரியிலிருந்து சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கிக் கப்பலில் ஏற்றுவதைவிட, லாரியின் உடற்பெட்டியையே கழற்றிக் கப்பலில் வைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

அந்தப் பெட்டகங்களை வடிவமைத்தவர் கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர். மெல்லிய அலுமினியக் கூரை பாரம் தாங்குமா என்ற சந்தேகம் மெக்லீனுக்கும் அவருடன் இருந்தவர்களுக்கும் இருந்தது. அவர்கள் செய்த சோதனை வேடிக்கையானது. கப்பல் கட்டும் தளத்தில் பெட்டகத்தின் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார்கள். கூரை நசுங்கவில்லை, திருப்தியடைந்தார்கள். ஒரு பெட்டகத்தின் பலத்துக்கு அன்றிருந்த சான்று அவ்வளவுதான்.

பெட்டகத்தின் எட்டு மூலைகளிலும் வார்ப்பு இரும்பு போன்ற கனத்த மூலைப் பொருத்துகளை வைத்து, அவற்றின் துளைக்குள் ஒரு முறுக்குப் பூட்டை நுழைத்துத் திருப்பினால் ஒரு பெட்டகம் இன்னொன்றோடு பிணைந்துவிடும். இந்த ஏற்பாடும் டான்ட்லிங்கர் பெயரோடு சேர்ந்ததே. இதைக் கவனிப்பது முக்கியம். பெட்டகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது மேலே உள்ள பாரம் முழுவதும் நான்கு மூலைத் தூண்கள் வழியாகவே கீழே இறங்குகிறது. மடிப்புத் தகட்டுச் சுவர்கள் பெட்டகம் கோணிப்போகாமல் தடுக்கின்றன. ஒரு தூணில் விழுந்த ஒடுக்கு, சுவரில் விழுந்த பத்து ஒடுக்குகளைவிட ஆபத்தானது. இன்று பரிசோதகர்கள் தேடுவதும் முதலில் அதைத்தான்.

தொடக்கத்தில் ஆளுக்கொரு அளவு. மெக்லீனின் பெட்டகம் 35 அடி. பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுக்கு ஓடிய மாட்சன் நிறுவனத்தின் பெட்டகம் 24 அடி. ஒன்றன்மேல் மற்றொன்றை அடுக்க இயலாது. பன்னாட்டுத் தர அமைப்பு 1961இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. 10, 20, 30, 40 அடி என்ற நீளங்கள் 1968இல் தரமாக வெளிவந்தன. இவற்றுள் 30 அடிப் பெட்டகம் பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. அதுவே பின்னாளில் ஒரு விபத்துக்கு வழிவகுத்ததை அப்புறம் பார்ப்போம்.

தரம் என்பது வேறு, சட்டம் என்பது வேறு. தரத்தின்படி செய்யாத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று யாரும் தடுக்க முடியாது. அதே சமயம் ஒவ்வொரு நாடும் தன் துறைமுகத்தில் இறங்கும் பெட்டகத்துக்குத் தனக்குப் பிடித்த சோதனையை விதிக்கத் தொடங்கினால், கதவைத் திறக்காமலே வீட்டு வாசல்வரை சரக்கு போகும் என்ற பெட்டகத்தின் பயனே கெட்டுவிடும்.

ஜெனீவா, 1972

ஐக்கிய நாடுகள் அவையும், இன்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு என்ற பெயரில் இயங்கும் அமைப்பும் சேர்ந்து ஜெனீவாவில் ஒரு மாநாட்டைக் கூட்டின. நவம்பர் 13ஆம் நாள் தொடங்கி டிசம்பர் 2ஆம் நாள் முடிந்த அந்த மாநாட்டில் இரண்டு உடன்படிக்கைகள் உருவாயின. ஒன்று சுங்கம் பற்றியது. மற்றது பாதுகாப்பு பற்றியது.

பாதுகாப்பு உடன்படிக்கையின் நோக்கங்கள் இரண்டு. பெட்டகங்களைக் கையாள்வோரின் உயிரைக் காப்பது முதலாவது. எல்லா நாடுகளுக்கும் ஒரே விதி இருந்து வணிகம் தடையின்றி நடக்கச் செய்வது இரண்டாவது. ஒன்று மற்றொன்றுக்கு எதிரானதாகத் தோன்றலாம். அதிகம் சோதித்தால் வணிகம் தாமதமாகும். சோதிக்காவிட்டால் உயிர் போகும். இரண்டையும் ஒருசேரப் பிடிக்க மாநாடு கண்ட வழிதான் தகடு.

அதன் ஏற்பாடு இப்படி: ஓர் உறுப்பு நாடு தன் அதிகாரத்தின் கீழ் ஒரு பெட்டகத்துக்கு ஒப்புதல் கொடுத்தால், மற்ற உறுப்பு நாடுகள் அதைத் தாங்களே கொடுத்த ஒப்புதலாகக் கருத வேண்டும். அதற்குமேல் கட்டமைப்புச் சோதனை எதையும் விதிக்கக் கூடாது. துறைமுக அதிகாரி, பெட்டகத்தில் செல்லத்தக்க தகடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். பெட்டகத்தின் நிலை வெளிப்படையாகவே ஆபத்தானது என்று நம்புவதற்கு வலுவான சான்று இருந்தால் மட்டுமே அதைத் தடுத்து நிறுத்தலாம். பிரான்சில் ஒப்புதல் பெற்ற பெட்டகத்தைச் சென்னையில் அவிழ்த்துப் பார்க்க வேண்டியதில்லை. தகட்டைப் படித்தால் போதும். இந்தியாவும் இந்த உடன்படிக்கையில் இணைந்த நாடு.

நடைமுறையில் அரசு அதிகாரிகள் தொழிற்சாலைக்குப் போய் நிற்பதில்லை. இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங், லாயிட்ஸ் ரெஜிஸ்டர், பீரோ வெரிட்டாஸ் போன்ற கப்பல் வகைப்பாட்டு நிறுவனங்களை அரசுகள் நியமிக்கின்றன. அவற்றின் பொறியாளர்களே வடிவமைப்பைச் சரிபார்த்து, சோதனைகளை நேரில் பார்த்து ஒப்பமிடுகிறார்கள்.

பத்து நாடுகள் இணைந்த பிறகு ஓராண்டு கழித்தே உடன்படிக்கை நடைமுறைக்கு வரும் என்பது நிபந்தனை. அதனால் 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள்தான் அது உயிர்பெற்றது. அதற்குள் ஏராளமான பெட்டகங்கள் தகடு இல்லாமலே உலகைச் சுற்றிக்கொண்டிருந்தன. பழையவற்றுக்குத் தகடு பொருத்தக் கொடுத்த அவகாசம் போதவில்லை. 1981இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, 1985 ஜனவரி 1ஆம் நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். ஜெனீவாவில் கையெழுத்தான நாளிலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல்! சென்னைத் துறைமுகத்தில் தனிப் பெட்டக முனையம் 1983இல் தொடங்கியபோது இந்த அவகாசம் இன்னும் முடியவில்லை.

தகட்டைப் படிப்பது எப்படி

தகட்டின் முதல் வரியில் ஒப்புதல் அளித்த நாடும் ஒப்புதல் எண்ணும் இருக்கும். நாட்டின் பெயரை முழுதாக எழுதாமல், வெளிநாட்டுக்குப் போகும் மோட்டார் வாகனங்களில் ஒட்டும் அடையாள எழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள். அடுத்து, செய்யப்பட்ட மாதமும் ஆண்டும். அதற்கடுத்து, செய்தவர் கொடுத்த வரிசை எண். இவற்றில் விளக்க அதிகமில்லை.

நான்காவது வரி முக்கியமானது: பெட்டகமும் சரக்கும் சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. இன்று பெரும்பாலான பெட்டகங்களில் 30,480 கிலோ என்று காணலாம். ஏன் இந்த ஒற்றைப்படாத எண் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பவுண்டில் அது 67,200, அதாவது பழைய ஆங்கில அளவில் சரியாக 30 டன். அளவு முறை மாறினாலும் பழைய எண் பெட்டகத்தோடு ஒட்டிக்கொண்டது. கதவில் பெரிய எழுத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையும் தகட்டில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

ஐந்தாவது வரியைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். '1.8 ஜி நிலையில் அனுமதிக்கப்படும் அடுக்குப் பாரம்' என்பது அதன் பொருள். பெரும்பாலும் 192,000 கிலோ என்றிருக்கும். இது பெட்டகத்துக்குள் ஏற்றும் பாரமன்று. அதன் தலைமேல் வைக்கக்கூடிய எல்லாப் பெட்டகங்களின் கூட்டுப் பாரம். 'ஜி' என்பது புவியீர்ப்பு முடுக்கம். கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது கீழே இருக்கும் பெட்டகம் மேலே உள்ளவற்றின் எடையை அதிகமாக உணர்கிறது. லிப்ட் திடீரென்று மேலே கிளம்பும்போது நம் உடல் கனப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான தரையில் 1 மடங்கு என்றால் கொந்தளிக்கும் கடலில் 1.8 மடங்கு என்று கணக்கில் கொண்டார்கள்.

இந்த 192,000 எங்கிருந்து வந்தது? ஒன்பது அடுக்காக வைத்தால் அடிப்பெட்டகத்தின் மேல் எட்டு இருக்கும். ஒவ்வொன்றும் 24,000 கிலோ என்றால் 8 × 24,000 = 192,000. அதை 1.8ஆல் பெருக்கினால் 345,600. நான்கு தூண்களுக்கும் பங்கிட்டால் ஒரு தூணுக்கு 86,400 கிலோ. சோதனைக்கூடத்தில் ஒவ்வொரு மூலைத் தூணின் மேலும் இந்த 86,400 கிலோவுக்கு ஈடான விசையைச் செலுத்திப் பார்க்கிறார்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் இதே கணக்கை இன்னொரு விதமாகவும் போட்டுப் பார்க்க வேண்டும். மேலே இருப்பவை ஒவ்வொன்றும் முழு எடையான 30,480 கிலோவாக இருந்தால் 192,000ஐ அதனால் வகுக்கும்போது ஆறு பெட்டகங்களுக்குத்தான் இடமுண்டு. ஏழாவதை வைத்தால் எல்லை தாண்டிவிடும். ஒன்பது அடுக்கு என்ற பேச்சு, எல்லாப் பெட்டகங்களும் முழு எடையில் இருக்காது என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது.

ஆறாவது வரி, பெட்டகத்தைப் பக்கவாட்டில் தள்ளிச் சாய்க்கும் விசையைப் பற்றியது. கப்பல் ஒருபுறம் சாயும்போது செவ்வகமான கதவுச் சட்டகம் சாய்சதுரமாக மாறப் பார்க்கும். அதை எதிர்த்து நிற்கும் அளவு பொதுவாக 15,240 கிலோ, ஏறத்தாழ 150 கிலோ நியூட்டன். பக்கச் சுவரும் முன்சுவரும் வழக்கமான அளவிலிருந்து வேறுபட்ட பலத்தோடு இருந்தால் மட்டும் அவற்றுக்கும் தனி வரி இருக்கும்.

இவை தவிர, தகட்டில் எழுதாத சோதனைகளும் உண்டு. அதிகபட்ச எடையைப்போல் இரு மடங்கு வரும்படி உள்ளே பாரம் ஏற்றித் தூக்கிப் பார்ப்பார்கள். தரையில் தூக்கு வண்டியின் சக்கரம் அழுத்துவதுபோல் அழுத்துவார்கள். கூரைமேல் 600 மில்லிமீட்டருக்கு 300 மில்லிமீட்டர் பரப்பில் 300 கிலோ வைப்பார்கள். பெட்டகத்தின் மேல் ஏறி வேலை செய்யும் தொழிலாளி கூரை கிழிந்து உள்ளே விழக் கூடாது என்பதற்காக இது. மெக்லீனும் அவர் கூட்டாளிகளும் குதித்துப் பார்த்ததை இப்போது அளவோடு செய்கிறார்கள் என்று சொல்லலாம்.

ஒன்றை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகளை ஒவ்வொரு பெட்டகத்துக்கும் செய்வதில்லை. ஒரு வடிவமைப்பின் மாதிரியை மட்டும் சோதிப்பார்கள். அது தேறினால் அதே வடிவில் வரிசையாகச் செய்யப்படும் பெட்டகங்கள் அனைத்துக்கும் தகடு கிடைக்கும். உற்பத்தியை மேற்பார்வையிடும் ஏற்பாடு உண்டு. எனினும் நம் கண்முன் நிற்கும் பெட்டகத்தின் தகடு சொல்வது, அதன் உடன்பிறப்பு ஒன்று தேறியது என்பதையே.

தேதியின் கதை

தகட்டின் கடைசி வரி தேதி. புதுப் பெட்டகம் செய்யப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். பிறகு 30 மாதங்களுக்கு ஒருமுறைக்குக் குறையாமல் தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் அடுத்த பரிசோதனையின் மாதமும் ஆண்டும் தகட்டிலோ அதன் அருகிலோ குறிக்கப்படும். பரிசோதனையைச் செய்விக்கும் பொறுப்பு பெட்டகத்தின் உரிமையாளருடையது.

இதில் நடைமுறைச் சிக்கல் எழுந்தது. மும்பையில் இருக்கும் பெட்டகம் அடுத்த மாதம் சாண்டோசில் இருக்கும். ஆயிரக்கணக்கான பெட்டகங்களை வைத்திருக்கும் கம்பெனி ஒவ்வொன்றின் தேதியையும் துரத்திக்கொண்டிருக்க முடியாது. ஆகவே 1983இல் ஏற்று 1984 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இரண்டாவது வழி ஒன்றைத் திறந்தது. 'தொடர் பரிசோதனைத் திட்டம்' என்பது அதன் பெயர். பெரிய பழுது பார்க்கும்போதும், வாடகைக்கு விடும்போதும் திரும்பப் பெறும்போதும் பெட்டகத்தை முழுமையாகப் பரிசோதிப்பதாக அரசிடம் ஒப்புதல் பெற்ற உரிமையாளர், தகட்டில் தேதி போட வேண்டியதில்லை. திட்டத்தின் ஒப்புதல் எண்ணைக் காட்டும் ஒட்டுச்சீட்டு போதும். இங்கும் 30 மாத எல்லை உண்டு.

வணிகத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் பெட்டகத்தின் முன் நிற்கும் தொழிலாளியின் பக்கமிருந்து பார்த்தால் ஓர் இழப்பும் இருக்கிறது. தேதி இருந்தால் காலாவதியா என்று அவரே சொல்லிவிடுவார். ஒட்டுச்சீட்டு இருந்தால், கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்பது உரிமையாளரின் பதிவேட்டில் மட்டுமே தெரியும். பிளிம்சால் கோட்டின் சிறப்பு யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதுதான். அந்தச் சிறப்பில் ஒரு பகுதி இங்கே விட்டுக்கொடுக்கப்பட்டது என்பது என் கருத்து.

2010இல் ஏற்று 2012 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் இதை ஓரளவு ஈடுசெய்தன. 'வெளிப்படையாக ஆபத்தான நிலை' என்றால் என்ன என்பதை அதுவரை அதிகாரியின் மனச்சாட்சிக்கு விட்டிருந்தார்கள். இப்போது அளவுகள் வந்தன. எடுத்துக்காட்டாக, மூலைத் தூணில் 50 மில்லிமீட்டருக்கு மேல் ஒடுக்கு இருந்தால் அது கடுமையான குறைபாடு. தகட்டில் என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பெட்டகத்தை நிறுத்தலாம்.

2007ஆம் ஆண்டு இரண்டு விபத்துகள்

பிப்ரவரி 26, 2007. பால்டிக் கடலில் 'அன்னபெல்லா' என்ற பிரிட்டிஷ் கொடிக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. அதன் சரக்கறைக்குள் ஏழு 30 அடிப் பெட்டகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. கடல் கொந்தளித்தபோது அந்த அடுக்கு சரிந்தது. அடியில் இருந்தவை நொறுங்கின. மேலே இருந்த மூன்றில் தீப்பற்றக்கூடிய பியூட்டிலீன் வாயு இருந்தது. நல்வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு ஆராய்ந்தபோது கிடைத்த விடை நேரடியானது. கீழ்ப் பெட்டகங்களுக்கு அனுமதிக்கப்பட்ட அடுக்குப் பாரத்தைவிட அதிகமாக அவற்றின் மேல் ஏற்றப்பட்டிருந்தது. கட்டுக் கம்பிகளும் போடப்படவில்லை.

வழக்கமான 192,000 கிலோவைத் தாங்காத பெட்டகங்களும் உலகில் உண்டு. அவற்றின் தகடு அதைச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் பெட்டகங்களை அடுக்கத் திட்டமிடுபவர் கரையில் ஓர் அலுவலகத்தில் கணினித் திரைமுன் இருக்கிறார். அவர் தகட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை. பாரந்தூக்கி இயக்குபவர் உயரத்தில் இருக்கிறார். 5 மில்லிமீட்டர் எழுத்து அவருக்குத் தெரியாது. பின்னர் கொண்டுவந்த திருத்தங்களின்படி, அடுக்குப் பலம் 192,000 கிலோவுக்கோ சாய்வு எதிர்ப்பு 150 கிலோ நியூட்டனுக்கோ குறைவான பெட்டகங்களில், அது பளிச்சென்று தெரியும்படி வெளியே குறிக்கப்பட வேண்டும்.

அதே ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் 'எம்.எஸ்.சி. நாப்போலி' என்ற பெரிய கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி உடல் விரிசல் கண்டது. 26 மாலுமிகளும் ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்டார்கள். கப்பலைத் தெற்கு இங்கிலாந்தில் பிரான்ஸ்கோம் அருகே கரையில் ஏற்றினார்கள். விரிசலுக்கு முதன்மைக் காரணம் இயந்திர அறைப் பகுதியில் கப்பலின் உடல் பலமற்று இருந்ததே. ஆனால் விசாரணையில் வேறொன்றும் வெளிவந்தது. மேல்தளத்தில் நனையாமல் இருந்த சுமார் 660 பெட்டகங்களை எடை போட்டார்கள். அவற்றில் 137, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, அறிவித்த எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் வேறுபட்டன. ஒரு பெட்டகத்தில் வேறுபாடு 20 டன்! அந்த 137 பெட்டகங்களும் சேர்ந்து ஏட்டில் இருந்ததைவிட 312 டன் அதிகம் கனத்தன.

தகட்டால் எது முடியும், எது முடியாது என்பதை இது காட்டிவிட்டது. தகடு எல்லையைச் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 1929ஆம் ஆண்டு உடன்படிக்கை கேட்ட கேள்வியை, அதாவது இந்தப் பொதி எவ்வளவு கனம் என்பதை, பெட்டக யுகத்தில் யாரும் உறுதியாகக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். அனுப்புகிறவர் தாளில் எழுதியதை அப்படியே நம்பினார்கள்.

கடலில் உயிர்க் காப்பு பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை இதற்காகத் திருத்தப்பட்டது. 2016 ஜூலை 1ஆம் நாள் முதல், சரக்கேற்றிய பெட்டகத்தின் சரிபார்த்த மொத்த எடை தெரியாமல் அதைக் கப்பலில் ஏற்றக் கூடாது. சரக்கேற்றிய பெட்டகத்தை அப்படியே எடை மேடையில் நிறுத்திப் பார்க்கலாம். அல்லது உள்ளே வைக்கும் ஒவ்வொன்றையும் எடைபோட்டு, கதவில் எழுதியிருக்கும் வெற்றுப் பெட்டக எடையைக் கூட்டிக்கொள்ளலாம். அப்படி வரும் எடை, பாதுகாப்புத் தகட்டில் உள்ள அதிகபட்ச எடையைத் தாண்டக் கூடாது.

தகட்டை எடுத்துவிட வேண்டிய நேரம்

பெட்டகத்துக்கும் முதுமை உண்டு. உப்புக் காற்றும் அடிக்கடி தூக்கி இறக்குவதும் அதை அரித்துவிடும். கடல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெட்டகங்கள் நம் ஊர்ச் சாலையோரங்களில் டீக்கடையாகவும், கட்டடப் பணியிட அலுவலகமாகவும், காவலாளி தங்கும் அறையாகவும் மறுவாழ்வு பெறுவதைக் காண்கிறோம். ஜன்னல் வைக்கச் சுவரை வெட்டியதுமே அதன் பழைய பலம் போய்விடுகிறது. உடன்படிக்கையின்படி, ஒப்புதல் செல்லாததாகும் அளவுக்கு மாற்றியமைத்தாலும், பணியிலிருந்து நீக்கி முறையாகப் பராமரிக்காமல் விட்டாலும், ஒப்புதலை அரசு திரும்பப் பெற்றாலும், உரிமையாளர் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றிவிட வேண்டும்.

தகட்டை விட்டுவைத்தால் என்ன கெடுதி என்று கேட்கலாம். டீக்கடைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே பெட்டகத்தைப் பின்னர் யாராவது வாங்கி, வெட்டிய இடத்தை ஒட்டவைத்து, பெயிண்ட் அடித்துச் சரக்கேற்றினால், தகடு மட்டும் 192,000 கிலோ தாங்குவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும். துறைமுகத்தில் அதைப் படிப்பவர் நம்பித்தான் ஆக வேண்டும். நம்ப வேண்டும் என்பதற்காகத்தானே ஜெனீவாவில் கூடினார்கள்.

நான் காலையில் நடக்கப் போகும் வழியில் இப்படி ஒரு பெட்டகம் பலசரக்குக் கடையாக நிற்கிறது. பக்கச் சுவரில் ஷட்டர், கூரையில் தண்ணீர்த் தொட்டி. மூடியே கிடக்கும் பழைய கதவில் தகடு இன்னும் இருக்கிறது. நீலப் பெயிண்ட் ஏறியதால் மேல் வரிகள் படிக்க முடியவில்லை. கடைக்காரரிடம் சொன்னபோது, ஒரு திருப்புளி கொண்டுவந்து அதைக் கழற்றப் பார்த்தார். ரிவெட் அசையவில்லை.